கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தைப் படிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு, மார்ச் பிறந்ததும் நிதியுதவிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலான கல்லூரிகள் மே 1ஆம் தேதிக்குள் முடிவைக் கேட்பதால், நாலைந்து வாரங்களுக்குள் நான்காண்டுச் செலவைக் கணக்கிட்டு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதங்கள் எளிதில் விளங்குபவையும் அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 91 விழுக்காடு கல்லூரிகள் மாணவர் உண்மையில் செலுத்த வேண்டிய தொகையைக் கடிதத்தில் சொல்வதே இல்லை அல்லது குறைத்துச் சொல்கின்றன என்று மதிப்பிட்டது. எனவே கடிதம் புரியவில்லை என்றால் அது உங்கள் அறிவின் குறையன்று.

எங்கள் மூத்த மகளுக்கு 2025 வசந்த காலத்தில் வந்த கடிதங்களை நானும் என் கணவரும் எவ்வாறு பிரித்துப் படித்தோமோ, அந்த முறையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: விண்ணப்பங்கள்

கூட்டரசின் நிதியுதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா படிவத்தை நிரப்பும் முறையை முழுதாக விளக்கப் போவதில்லை. அரசின் இணையதளமே அதற்குப் போதும். அது முற்றிலும் இலவசம் என்பதால், நிரப்பித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் குடும்பங்கள் தடுமாறும் சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வருமான வரித் துறையிடமிருந்து விவரங்களைப் பெற ஒப்புதல் தரும் பக்கத்தில், மாணவரும் பெற்றோரும் தனித்தனியே தம் கணக்கில் நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் கூட்டரசின் உதவி எதுவும் கிடைக்காது. கணவனும் மனைவியும் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் பெற்றோரில் ஒருவர் மட்டும் நுழைந்தால் போதும்.

சொந்த ஊரில் வாங்கிப் போட்ட மனை, வாடகைக்கு விட்ட வீடு, வங்கி வைப்புத் தொகை ஆகியவையும் சொத்துக் கணக்கில் வரும். இந்தியாவில் இருப்பதால் விலக்கு இல்லை. நீங்கள் குடியிருக்கும் வீடும் 401கே போன்ற ஓய்வுக்காலச் சேமிப்பும் ஃபாஃப்சாவில் சேராது. சில தனியார் கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தில் குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் கேட்பார்கள்.

பிள்ளை பெயரில் சேமிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபாஃப்சா கணக்கில் பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 விழுக்காடு வரைதான் கல்விக்கெனக் கொள்ளப்படுகிறது. மாணவர் பெயரில் உள்ள சொத்தில் 20 விழுக்காடு கொள்ளப்படுகிறது.

பின்சேர்க்கை: எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தரப்படுவது) உள்ள பிள்ளைக்கு இதெல்லாம் பொருந்துமா என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இல்லாமல் எச்-4 விசாவில் இருப்பவருக்குக் கூட்டரசின் உதவித்தொகையோ கடனோ கிடைக்காது. பெரும்பாலும் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தருவதையே எதிர்பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் பிள்ளை இங்கே பிறந்த குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால், பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் ஃபாஃப்சா நிரப்பலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத தாய் அல்லது தந்தையும் அதற்கான கணக்கைத் தொடங்க முடியும்.

படி 2: கடிதத்தை மூன்றாகப் பிரித்தல்

நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்திருந்த இடம் இதுதான். எடுத்துக்காட்டாக, ஒரு தனியார் கல்லூரியின் கடிதம் பின்வருமாறு இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை என்றாலும், கடிதத்தின் அமைப்பு எங்களுக்கு வந்ததைப் போன்றதே.

ஓராண்டின் மொத்தச் செலவு 78,400 டாலர்
கல்லூரி உதவித்தொகை 34,000
வட்டிச் சலுகையுள்ள நேரடிக் கடன் 3,500
வட்டிச் சலுகையில்லாத நேரடிக் கடன் 2,000
வொர்க் ஸ்டடி 2,800
பேரண்ட் பிளஸ் 36,100
மொத்த நிதியுதவி 78,400
மீதம் செலுத்த வேண்டியது 0

கடைசி வரியைப் பார்த்தவுடன் வீட்டில் மகிழ்ச்சி பொங்கும். ஆனால் இந்தப் பட்டியலில் திருப்பித் தர வேண்டாத பணம் ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது: 34,000 டாலர். அதை முதல் குவியலில் வையுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கூட்டரசு தரும் பெல் கிராண்ட், மாநில அரசுகள் தரும் கிராண்ட் ஆகியவையும் இந்தக் குவியலில்தான் சேரும். 2025–26ஆம் கல்வியாண்டில் பெல் கிராண்டின் உச்சவரம்பு 7,395 டாலர்.

இரண்டாவது குவியல் வொர்க் ஸ்டடி. இது கல்லூரிக் கட்டணத்தில் முன்கூட்டியே கழிக்கப்படும் தொகையன்று. பிள்ளை வளாகத்தில் ஒரு வேலையைத் தேடிப் பெற்று, நூலகத்திலோ உணவகத்திலோ வேலை செய்து, சம்பளமாக வாங்க வேண்டிய பணம். வேலை கிடைக்காவிட்டால் அந்த 2,800 டாலரும் கிடைக்காது. கைச்செலவுக்கு உதவும், ஆகஸ்டில் வரும் பில்லைக் கட்ட உதவாது.

மூன்றாவது குவியல் கடன். இதற்குள்ளும் வேறுபாடு உண்டு. வட்டிச் சலுகையுள்ள நேரடிக் கடனுக்கு, பிள்ளை குறைந்தது பாதிநேரமாவது படித்துக்கொண்டிருக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கிறது. சலுகையில்லாத கடனுக்கு, பணம் வழங்கப்பட்ட நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்குகிறது. பெற்றோரைச் சார்ந்த மாணவர் முதலாண்டில் இரண்டும் சேர்த்து 5,500, இரண்டாம் ஆண்டில் 6,500, அதன் பின் ஆண்டுக்கு 7,500 டாலர் வரை வாங்கலாம். இளநிலைப் படிப்பு முழுவதற்கும் வரம்பு 31,000 டாலர். 2025–26இல் வழங்கப்பட்ட கடனுக்கு வட்டி 6.39 விழுக்காடு.

கூட்டரசு தரும் பேரண்ட் பிளஸ் பிள்ளையின் கடன் அன்று. கையெழுத்திடும் தாயின் அல்லது தந்தையின் கடன். அதே ஆண்டில் அதன் வட்டி 8.94 விழுக்காடு. அதோடு 4.228 விழுக்காடு கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பணத்தை அனுப்புவார்கள். 36,100 டாலர் கடன் வாங்கினால் ஏறத்தாழ 1,526 டாலர் கழிந்து 34,574 டாலரே கல்லூரிக்குப் போய்ச் சேரும். வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் ஓடும். இப்படிப்பட்ட கடனை உதவி என்ற தலைப்பில் உதவித்தொகைக்குக் கீழேயே எழுதுவது பெற்றோருக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பின்சேர்க்கை: 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகப் பேரண்ட் பிளஸ் வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்ற உச்சவரம்பு வருகிறது. முன்பு, மொத்தச் செலவில் மற்ற உதவிகள் போக மீதி முழுவதையும் வாங்க முடிந்தது. பழைய கடிதங்களை வைத்துத் திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 3: நிகரச் செலவு

மொத்தச் செலவிலிருந்து முதல் குவியலை மட்டும் கழியுங்கள். மேலே சொன்ன கல்லூரிக்கு 78,400இல் 34,000 போக 44,400 டாலர். இப்போது ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் 33,600 டாலர் செலவு காட்டி, 4,000 டாலர் உதவித்தொகையும் 5,500 டாலர் நேரடிக் கடனும் தந்து, மீதம் 24,100 டாலர் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் நிகரச் செலவு 29,600. ஆக, மீதம் பூஜ்யம் என்று எழுதிய கல்லூரிதான் ஆண்டுக்கு 14,800 டாலர் அதிகம் கேட்கிறது.

இந்தக் கணக்கைச் செய்வதற்கு முன், மொத்தச் செலவில் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சில கடிதங்களில் கல்விக் கட்டணமும் விடுதியும் உணவும் மட்டும் இருக்கும். புத்தகம், பயணம், கைச்செலவு ஆகியவை விடுபட்டிருக்கும். விடுபட்டவற்றை நீங்களே சேர்த்து எல்லாக் கல்லூரிகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். மாணவர் மருத்துவக் காப்பீடு தானாகவே பில்லில் சேர்ந்திருந்தால், பிள்ளை ஏற்கெனவே உங்கள் காப்பீட்டில் இருப்பதைக் காட்டிப் பெரும்பாலும் அதை நீக்கிக்கொள்ள முடியும்; அதற்கென்று ஒரு கடைசித் தேதி உண்டு, ஒவ்வோர் ஆண்டும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கலாம்.

ஒப்பீட்டுக் கருவிகள் இணையத்தில் பல கிடைக்கின்றன. நான் கூகுள் ஷீட்ஸில் நாமே போடும் கட்டங்களையே விரும்புகிறேன். கல்லூரிக்கு ஒரு பத்தி, செலவுக்கு ஒரு வரி என்று கையால் நிரப்பும்போதுதான் எந்தக் கடிதத்தில் எது இல்லை என்பது கண்ணில் படுகிறது.

படி 4: நான்கு ஆண்டுகளுக்கு நீட்டுதல்

கடிதம் ஓராண்டுக்கு மட்டுமே. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். உதவித்தொகை பெரும்பாலும் அதே தொகையாக நிற்கும். செலவு ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறுவதாகக் கொண்டால், மேற்சொன்ன தனியார் கல்லூரியின் நிகரச் செலவு நான்காம் ஆண்டில் 54,189 டாலராகிவிடும். நான்காண்டுக்கும் சேர்த்து 1,96,922 டாலர்; முதலாண்டுத் தொகையை நான்கால் பெருக்கினால் கிடைப்பதைவிட ஏறத்தாழ 19,300 டாலர் அதிகம்.

உதவித்தொகை நான்கு ஆண்டுகளுக்கும் தொடருமா, தொடர எத்தனை மதிப்பெண் சராசரி வேண்டும், ஒரு பருவத்தில் சற்றுச் சறுக்கினால் மீண்டும் பெற வாய்ப்புண்டா, வெளியிலிருந்து சிறு உதவித்தொகை கிடைத்தால் கல்லூரி தன் தொகையைக் குறைக்குமா ஆகிய கேள்விகளை நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது.

இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் கல்லூரியில் இருந்தால், ஒவ்வொருவருக்கும் குடும்பம் தர வேண்டியதாகக் கணக்கிடப்படும் பங்களிப்பு பாதியாகும் என்று நண்பர்கள் இன்னும் சொல்வதுண்டு. ஃபாஃப்சாவில் அந்தக் கழிவு 2024–25 முதல் இல்லை. சி.எஸ்.எஸ். புரொஃபைல் கேட்கும் கல்லூரிகளிடம் மட்டும் தனியே விசாரித்துப் பாருங்கள்.

படி 5: மறுபரிசீலனை கேட்பது

ஃபாஃப்சா இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தையே பார்க்கிறது. 2026–27க்கு 2024ஆம் ஆண்டின் வரிக் கணக்கு. அதன் பிறகு வேலை போயிருந்தாலோ பெரிய மருத்துவச் செலவு வந்திருந்தாலோ, உரிய ஆவணங்களுடன் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதலாம். அலுவலர்கள் தனிப்பட்ட சூழ்நிலையைக் கருதிக் கணக்கை மாற்றச் சட்டம் இடம் தருகிறது. கேட்டால் இடம் பறிபோய்விடுமோ என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். இது அன்றாடம் நடக்கும் நடைமுறை. வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, மருத்துவ பில்கள் என ஆதாரங்களை இணைத்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல், கேட்கும் தொகையைக் குறிப்பிட்டுப் பணிவாக எழுதினால் போதும்.

படி 6: பணம் வரும் வழிகளை வரிசைப்படுத்துதல்

எங்கள் வரிசை இது: முதலில் 529 கணக்கும் (கல்விச் செலவுக்கான வரிச் சலுகையுள்ள சேமிப்புக் கணக்கு) பிற சேமிப்பும், அடுத்து மாதச் சம்பளத்திலிருந்து இயன்றது, அதன் பிறகு பிள்ளையின் நேரடிக் கடன். அதற்கு மேலும் பெரிய இடைவெளி இருந்தால் அந்தக் கல்லூரி நமக்குக் கட்டுப்படியாகாது என்று பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். ஓய்வுக்காலச் சேமிப்பை எடுப்பதற்கும், தனியார் வங்கியின் மாணவர் கடனுக்கு உடன் கையெழுத்திடுவதற்கும் நான் உடன்பட மாட்டேன்.

பல கல்லூரிகள் ஒரு பருவத்தின் பில்லைச் சிறு கட்டணத்துடன் வட்டியில்லாத மாதத் தவணைகளாகப் பிரித்துத் தருகின்றன. அதைக் கட்டாயம் கேளுங்கள். கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 4,000 டாலரை மட்டும் 529 கணக்கிலிருந்து எடுக்காமல் கைப்பணத்தில் கட்டினால், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச் சலுகையாக 2,500 டாலர் வரை பெறலாம். சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதியருக்கு 1,60,000 டாலர் வருமானத்திலிருந்து அது குறையத் தொடங்கி, 1,80,000இல் நின்றுவிடும்.

படி 7: ஏற்பது

கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஒவ்வோர் உதவிக்கும் தனித்தனியே ஏற்கிறேன், மறுக்கிறேன் என்ற தேர்வுகள் இருக்கும். உதவித்தொகையை ஏற்றுக்கொண்டு பேரண்ட் பிளஸை மறுக்கலாம். நேரடிக் கடனிலும் தேவையான அளவை மட்டும் எழுதிக் குறைத்து வாங்கலாம். முதன்முறை நேரடிக் கடன் வாங்கும் பிள்ளை, அரசின் தளத்தில் கடன் பற்றிய அறிமுகப் பாடத்தை முடித்து, உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகே பணம் விடுவிக்கப்படும். இரண்டையும் ஜூன் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஆகஸ்டில் பில் வரும் நேரத்தில் அலுவலகத்தைத் தொடர்புகொள்வது கடினம். அடுத்த ஆண்டுக்கான ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். அதைப் புதிதாக நிரப்பினால்தான் இரண்டாம் ஆண்டுக்கான கடிதம் வரும்.