பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஷூ

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போய்த்தான் நடக்க வேண்டும் என்று இருந்தால் பத்து நாளில் பயிற்சி நின்றுவிடும். வீட்டு வாசலிலிருந்தே தொடங்குங்கள்.

தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு நடையைச் சேர்த்துவிடுவதுதான் எனக்குப் பலித்த வழி. எங்கள் வீட்டில் அது பால். இரவே திண்ணையில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஷூவை வைத்து, உள்ளே சாக்ஸைச் சுருட்டிச் செருகிவிடுவேன். விடிகாலையில் பாலை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தால் கால் தானாக ஷூவுக்குள் போகும். யோசிக்க நேரம் கொடுத்தால் மனசு படுக்கையைத்தான் கேட்கும்.

அப்புறம், ஒரு துணை வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா வாசல் கேட் அருகே நின்று "ஏனுங், கெளம்பியாச்சுங்களா?" என்று கேட்டால் யாரால் மறுக்க முடியும்?

ஆடிக் காற்று, ஐப்பசி மழை, ஊர் நோம்பி என்று நடை தடைபடத்தான் செய்யும். அதற்காக விட்டுவிடாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பார்த்ததில், புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, ஐந்து நாள். சேர்ந்தாற்போல் முடியாவிட்டால் காலையில் பத்து, மதியம் பத்து, சாயங்காலம் பத்து என்று பிரித்துக்கொண்டாலும் சரி.