வெள்ளி நானோ துகள் போட்ட ஆல்ஜினேட் ஜெல், லேப்ல பண்றது எப்படி

கிருமிய கொல்ற ஹைட்ரோஜெல்ல, அதாவது தண்ணிய உள்ள பிடிச்சு வச்சிருக்கற ஜெல்ல, ப்ராஜெக்டா எடுத்தவங்க முக்கால்வாசி பேர் ஆல்ஜினேட்ல சில்வர் நைட்ரேட்ட கலக்கி நேரா கால்சியம் குளோரைடுல சொட்டு விட்டுடுறாங்க. நானும் முதல் தடவ அப்படித்தான் பண்ணேன், ரெண்டு நாள் வேலை போச்சு. வெள்ளி அயனி குளோரைட பாத்தா உடனே சில்வர் குளோரைடா வெள்ளையா படிஞ்சிரும், நமக்கு வேணுங்கற நானோ துகள் வரவே வராது. அதனால குளோரைடே வேண்டாம், கால்சியம் நைட்ரேட் வாங்குங்க. குழாய் தண்ணியிலயும் குளோரைடு இருக்கு, அயனி எல்லாம் நீக்குன டீஅயனைஸ்டு வாட்டர் மட்டும்தான்.

ஆல்ஜினேட் பழுப்பு கடல்பாசியில இருந்து எடுக்கறது, நம்ம ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துல அள்ளுற கட்டக்கோரைங்கற பாசியிலயும் இருக்கு. 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட், ஸ்டிர்ரர் நல்லா சுத்தும்போது பவுடர கொஞ்சம் கொஞ்சமா தூவுங்க, மொத்தமா கொட்டுனா கட்டி கட்டியா நின்னுக்கும், ராத்திரி முழுக்க சுத்த விடுங்க.

17 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட்ட 5 மில்லி தண்ணியில கரைச்சு அதுல மெதுவா விட்டா ஏறக்குறைய 1 மில்லிமோலார் வரும். க்ளவுஸ் போடுங்க, கையில பட்டா கருப்பு கறை பல நாள் போகாது. ஃபாயில் சுத்தி 90 டிகிரியில ஒரு மணி நேரத்துக்கு மேல சூடு பண்ணுங்க, ஆல்ஜினேட்டே வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் குடுத்து (ஒடுக்கி) துகளாக்கி, துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம பிடிச்சும் வச்சுக்கும். மஞ்சளாகி பழுப்பாகும். கொஞ்சம் எடுத்து டைல்யூட் பண்ணி யூவி-விசிபிள் மெஷின்ல எந்த ஒளிய எவ்வளவு உறிஞ்சுதுன்னு பாத்தா 400ல இருந்து 420 நானோமீட்டர் பக்கம் பீக் வரணும். சிட்ரேட் வச்சு தனியா துகள் செஞ்சு கலக்கலாமேன்னு தோணும், ஆனா மிச்சமிருக்கற சிட்ரேட் கால்சியத்த பிடிச்சுக்கும், ஜெல் கொழகொழன்னு ஆயிடும்.

ஆறுனதும் சிரிஞ்சில எடுத்து 0.2 மோலார் கால்சியம் நைட்ரேட்ல, அதாவது 100 மில்லிக்கு டெட்ராஹைட்ரேட்னா 4.7 கிராம், சொட்டு சொட்டா விடுங்க. ரெண்டு ஆல்ஜினேட் மூலக்கூறு சங்கிலிக்கு நடுவுல கால்சியம் முட்டை அட்டையில முட்டை மாதிரி உக்காருது, அதான் உருண்டை இறுகுது. அரை மணி நேரம் விட்டு ரெண்டு மூணு தடவ கழுவுங்க.

இப்ப டெஸ்ட், இதுலதான் அவசரப்படாதீங்க. கிருமி வளக்கற முல்லர் ஹின்டன் அகர் ப்ளேட்ல, 0.5 மெக்ஃபார்லாண்ட் அளவு (கிருமி திரவம் எவ்வளவு கலங்கலா இருக்கணும்ங்கற கணக்கு) ஈ. கோலை பாக்டீரியாவ பஞ்சுக் குச்சியால தடவி, வெள்ளி போட்ட உருண்டை, போடாத உருண்டை, ஒரு ஆன்டிபயாடிக் டிஸ்க் மூணையும் ஒரே ப்ளேட்ல வைங்க, 37 டிகிரி, 16ல இருந்து 18 மணி நேரம். வெறும் உருண்டை இல்லாத ரிசல்ட்ட நான் நம்பவே மாட்டேன். உருண்டைய சுத்தி கிருமி வளராத வளையம் சின்னதா இருந்தா மனசு விட்டுடாதீங்க, ஜெல்லுக்குள்ள மாட்டுன துகள் அகர்ல சரியா பரவாது, அதனால உருண்டைய கிருமி இருக்கற திரவத்துல போட்டு குலுக்கி காலனி எண்ணிப் பாருங்க. ப்ளேட்ட எல்லாம் 121 டிகிரியில ஆட்டோக்ளேவ் பண்ணிட்டுதான் (அழுத்த நீராவியில கிருமிய கொன்னுட்டுதான்) தூக்கிப் போடணும், வெள்ளி கழிவு தனி பாட்டில்ல, சிங்க்ல ஊத்தாதீங்க. இத யாரோட புண்ணுலயும் தடவி பாக்க வேண்டாம், கடையில விக்கற சில்வர் ட்ரெஸ்ஸிங் எத்தனையோ பாதுகாப்பு சோதனை தாண்டி வந்தது.

கடைசியா ரெண்டு உருண்டைய சலைன்ல (உப்புத் தண்ணியில) போட்டு ஒரு நாள் விடுங்க, சோடியம் கால்சியத்த தள்ளிட்டு உள்ள வர்றதால உப்பி மெத்துனு ஆகும், அந்த எடைய மணிக்கொரு தடவ குறிச்சு வைங்க.