உபுண்டுவை மேம்படுத்தியபின் வி.பி.என். இணையவில்லையா?

கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தபடியே ஓசூர் அலுவலகக் கணினியில் வேலை செய்யும் நான், உபுண்டு இயங்குதளத்தை 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மேம்படுத்திய மறுநாள் காலை, அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என்.னின் அடையாளம் சில நொடிகள் சுழன்றுவிட்டு அணைந்துபோவதைக் கண்டேன். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இடுவதில் பயனில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், கணினிப் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கொடுத்து, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் பதிவைப் படியுங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

எனக்குக் கிடைத்தது, சர்வருடன் சைஃபர், அதாவது தரவை மறையாக்கும் முறை, ஒத்துப்போகவில்லை என்ற செய்தி. புதிய உபுண்டுவோடு வரும் வி.பி.என். மென்பொருளான ஓப்பன்வி.பி.என். 2.6, இணைப்புக் கோப்பில் பழைய முறையில் 'சைஃபர்' என்று எழுதிய வரியைப் சர்வருடன் பேசி முடிவுசெய்வதற்கான சைஃபர் பட்டியலில் தானாகச் சேர்த்துக்கொள்வதில்லை, ஆகவே ஏ.இ.எஸ்.-256-சி.பி.சி. என்ற சைஃபர் மட்டுமே அறிந்த பழைய சர்வர்கள் இணைய மறுக்கின்றன. அலுவலகம் தந்த இணைப்புக் கோப்பின் நகலைத் திறந்து, 'டேட்டா-சைஃபர்ஸ்' என்ற வரியைச் சேர்த்து, ஏ.இ.எஸ்.-256-ஜி.சி.எம்., ஏ.இ.எஸ்.-128-ஜி.சி.எம். ஆகியவற்றுக்குப் பின் ஏ.இ.எஸ்.-256-சி.பி.சி.யையும் எழுதுங்கள். பெயர்களுக்கிடையே முக்காற்புள்ளி மட்டுமே வர வேண்டும், இடைவெளி கூடாது. பிறகு பழைய இணைப்பை நீக்கிவிட்டு, இந்தக் கோப்பை இறக்குமதி செய்யுங்கள்.

பதிவில் ப்ளோஃபிஷ் என்ற சைஃபரின் பெயர் வந்தால் மட்டும் அதை இவ்வாறு பட்டியலில் சேர்க்காதீர்கள்; அது பலவீனமானது, சர்வரையே புதுப்பிக்கும்படி நிர்வாகியிடம் கேளுங்கள்.