போன் தொலைவதற்கு முன்னால் செய்ய வேண்டியது

ஆன்லைன் கணக்குகளைக் காப்பாற்ற இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு நல்ல வசதி. பாஸ்வேர்டு யார் கையில் சிக்கினாலும், போனுக்கு வரும் எண் இல்லாமல் சுலபத்தில் உள்ளே நுழைய முடியாது. சரி, அந்தப் போனே தொலைந்துவிட்டால்? திருடனைத் தடுக்கும் ஏற்பாடு நம்மையே வெளியே நிறுத்திவிடும். வேறொரு கணினியில் கணக்கைத் திறக்கப் பார்த்தால், அது கேட்கும் ஓடிபி தொலைந்த போனுக்கே போய்ச் சேரும்!

இதற்காகத்தான் பேக்கப் கோடு என்று ஒன்று இருக்கிறது, ஓடிபிக்குப் பதிலாகப் போடுவதற்கு முன்கூட்டியே எடுத்து வைக்கும் எண். கூகுள் கணக்கில் 'பாதுகாப்பு' பகுதிக்குள், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைத் திறந்தால் கிடைக்கும். 8 இலக்கத்தில் 10 எண்கள் தருவார்கள். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். புதிதாக 10 எண்கள் எடுத்தால் பழையவை செல்லாமல் போய்விடும். உடனே பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் அதுதான் கைக்கு வரும்.

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பவர்களும் உண்டு. சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிற கதைதான். தாளில் எழுதி, முக்கியமான பத்திரங்களோடு வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் பக்கத்தில் எழுத வேண்டாம்.

அப்புறம், அதே தாளில் ஐஎம்இஐ எண்ணையும், அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்ணையும், குறித்துக்கொள்ளுங்கள். *#06# அழுத்தினால் 15 இலக்க எண் திரையில் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் இருக்கும். போன் தொலைந்ததாகப் புகார் எழுதும்போது இது வேண்டியிருக்கும். போன் வந்த பெட்டியிலும் அச்சிட்டிருப்பார்கள்தான், ஆனால் அந்தப் பெட்டியை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்?