திருகோணமலைக் கரையில் தாழமுக்கத்தைப் பாரமானியால் கணிப்பது எப்படி?

1964 டிசெம்பர் சூறாவளியும், 2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரெவியும் வாடைக்காலத்தில் வந்தவை. முடிவெடுக்க வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலே அடிப்படை. திணைக்களம் அறிவிக்கும் தாழமுக்கம் உங்கள் கரையை நெருங்குகிறதா, விலகுகிறதா என்பதை, காற்றின் அமுக்கத்தைக் காட்டும் வீட்டுப் பாரமானியிலும் பார்க்கலாம்.

முள்ளுப் பாரமானியை வெயில் படாத உட்சுவரில் மாட்டுங்கள். வாசிக்குமுன் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டுங்கள், முள் சிக்கி நிற்பதுண்டு. கைத்தொலைபேசியில் பார்ப்பவர்கள் எப்போதும் ஒரே தளத்தில் வைத்தே பார்க்கவேண்டும். 8 மீற்றர் மேலே போனாலே ஏறத்தாழ 1 மில்லிபார் (அமுக்கத்தின் அலகு) குறைந்து காட்டும்.

பலரும் பிழைவிடும் இடம் இதுதான்: காலை 10 மணிக்கு 1011 இருந்தது, பின்னேரம் 4 மணிக்கு 1008 ஆகிவிட்டது என்று பதறுவார்கள். நம் பக்கத்தில் அமுக்கம் தினமும் காலை, இரவு 10 மணியளவில் ஏறி, விடியற்காலை, பின்னேரம் 4 மணியளவில் இறங்கும். வானம் வெளுத்த நாளிலும் 3 மில்லிபார் அளவு வித்தியாசம் இருக்கும். ஆகவே இன்றைய 4 மணி வாசிப்பை நேற்றைய 4 மணி வாசிப்போடு மட்டும் ஒப்பிடுங்கள். கொப்பியில் நேரத்தோடு எழுதிவைக்காவிட்டால் பாரமானி இருந்தும் பயனில்லை.

அப்படி ஒப்பிட்டு 1 மில்லிபார் குறைந்தால் பெரும்பாலும் மழை தரும் சாதாரணத் தாழமுக்கம்தான். 3 குறைந்தால் கடலுக்குப் போகாதீர்கள். 5 குறைந்தால் சூறாவளி அருகில் இருக்கிறது என்றே எடுத்து வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள்.

அடுத்தது காற்று. மரம், மதில் மறைக்காத வெளியில் நின்று காற்றுக்கு முதுகைக் காட்டுங்கள். தாழமுக்கத்தின் மையம் உங்கள் இடதுகைப் பக்கம், சற்று முன்னே இருக்கும். வாடைக்காற்று வழமையாகவே வடகிழக்கிலிருந்து வீசுவதால், அமுக்கமும் இறங்கினால்தான் இதை நம்பலாம்.

மேற்கே நகரும் மையம் நமக்குத் தெற்கால் போனால் காற்று வடகிழக்கிலிருந்து கிழக்காகி, பிறகு தென்கிழக்காகத் திரும்பும். உப்புவெளி, நிலாவெளிக் கரைகளுக்கு இதுவே மோசமான நிலை, காற்று கடலைத் தரைக்குள் தள்ளும். வடக்கால் போனால் காற்று வடமேற்காகி மேற்காகும். அப்போது நங்கூரமிட்ட போட்டுகள் வெளிக்கடலுக்கு இழுபடும். திசை மாறாமல் அமுக்கம் மட்டும் விழுந்துகொண்டே போனால் மையம் நேரே உங்களை நோக்கி வருகிறது.

மையம் மேலே வரும்போது காற்று அடங்கும். பாரமானி மிகக் கீழே நிற்கையில் வரும் அந்த அமைதியை நம்பி வெளியே போகாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

வெள்ளத்தைப் பாரமானி சொல்லாது. அமுக்கம் அதிகம் இறங்காத தாழமுக்கமும் மெதுவாக நகர்ந்தால் நாள்கணக்கில் கொட்டும். தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மழை, ஆற்று நீர்மட்ட அறிவித்தல்களைத் தனியாகக் கவனியுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.