ஓடுகிற உடம்புக்கு உட்கார்ந்திருப்பவர் பத்தியம் எதற்கு?

ஞாயிறு காலையில் பினாங்கு தாவரவியல் பூங்கா வாசலில் நம் ஆட்களை நிறையப் பார்க்கலாம். ஜீப் பாதையில் கொடிமலைக்கு ஏறுவார்கள். ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் போகப் போக ஏற்றம். ஒரு நாள் எங்களோடு வந்த அக்கா ஒருவர் பாதி வழியில் கை நடுங்கி, கண் இருட்டி, ஓரமாக உட்கார்ந்துவிட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "முந்தாநாளிலிருந்து சோறு தொடவில்லை. காலையில் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர் மட்டும்." கையிலிருந்த வாழைப்பழத்தையும் இரண்டு பேரீச்சம்பழத்தையும் கொடுத்தோம். கால்மணி நேரம் கழித்துத்தான் முகம் தெளிந்தது.

அவருக்குச் சீனி வியாதி இல்லை. அப்பா அம்மா இருவருக்கும் உண்டு. மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம் என்பதால் 'சோற்றைக் குறை' என்ற பேச்சு நம் வீடுகளில் ஓயாமல் ஒலிக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவருக்குச் சொன்ன பத்தியத்தை வாரம் ஐந்து நாள் ஓடுகிறவர் அப்படியே பின்பற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டு தெரிந்ததுதான்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்களும் பழங்களும். ஓய்வு நாளுக்கும் மெதுவாக நடக்கும் நாளுக்கும் அது சரியான அளவு. கடுமையாகப் பயிற்சி செய்யும் நாளில் சோற்றின் பங்கு கூட வேண்டும். நாம் சாப்பிடும் மாவுச்சத்து கிளைகோஜனாக மாறித் தசையிலும் ஈரலிலும் சேர்கிறது. வேகமாக ஓடினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அந்த இருப்பு தீரும். முதல் நாளே இருப்பைக் காலி செய்துவிட்டு மலையேற வந்தால் கால் எப்படி நகரும்? நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் இதை மருத்துவரிடம் பேசாமல் மாற்ற வேண்டாம்.

சரி, எப்போது சாப்பிடுவது? கிளம்பும் முன் நாசி லெமாக் பொட்டலம் வேண்டாம். தேங்காய்ப்பாலும் பொரித்ததும் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும், ஏற்றத்தில் குமட்டும். இரண்டு மணி நேரம் முன்பு இட்லி நல்லது, எண்ணெயே இல்லை. அரைமணிதான் இருக்கிறது என்றால் ஒரு வாழைப்பழம் போதும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் லேசான ஓட்டத்துக்கு வெறும் வயிறும் பரவாயில்லை. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால், வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்.

புரதத்தில்தான் நம் வீட்டுக் கணக்கு ரொம்பவே தப்புகிறது. பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவை. 60 கிலோ எடை என்றால் குறைந்தது 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். தண்ணீராக ஓடும் சாம்பாரில் அதைவிடக் குறைவாகவே இருக்கும், ஆனாலும் 'பருப்பு சாப்பிட்டேனே' என்று மனம் சமாதானமாகிவிடுகிறது. தைப்பூச விரத நாட்களில் இது இன்னும் மோசம். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறி இறங்கிப் பழகும் இளைஞர்கள் சோறு, ரசம், அப்பளத்தோடு நாற்பது நாளை ஓட்டுகிறார்கள். காவடிக்குத் தோள் கொடுக்கும் உடம்பு அது! சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் டெம்பே 100 கிராமில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் இருக்கிறது. அதை மலாய்க்காரர் சாப்பாடு என்று ஏன் ஒதுக்க வேண்டும்? கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், மஞ்சள் போட்டுப் பிரட்டிப் பாருங்கள், சோற்றுக்கு அவ்வளவு பொருத்தம். கூடவே தவ்ஹு (டோஃபு), கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர். அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். இவ்வளவும் சாப்பிட்டுக் கணக்கு நிறைந்தால் புரதப் பொடி தேவையே இல்லை.

அப்புறம் வியர்வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது உலர்வதில்லை, வழிந்துகொண்டே இருக்கும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றே கால், ஒன்றரை லிட்டர் மெல்ல மெல்லக் குடியுங்கள், உப்புள்ள சாப்பாட்டோடு. மணிக்கணக்கில் ஓடும்போது தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், அது உயிருக்கே ஆபத்து. அரைமணி நடைக்கு 100 பிளஸ் போன்ற சீனியும் உப்பும் கலந்த பானம் அவசியமில்லை. நீண்ட ஓட்டத்துக்கு அது உதவும்.

கீழே இறங்கியதும் எல்லாருடைய கால்களும் மாமாக் கடைக்குத்தான் போகும். பசியாற ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே தாரே என்கிற பால் தேநீர். ரொட்டியை ரொட்டி தெலூராக மாற்றச் சொல்லுங்கள், முட்டையாவது சேரும். தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். அதிலுள்ள டானின் பருப்பு, கீரையிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. மாதவிலக்கில் ரத்தம் இழக்கும் பெண்கள், அதுவும் சைவமாக இருப்பவர்கள், இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். காரணம் தெரியாத களைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் ரத்தத்தில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்த்துவிடுங்கள். சாப்பாட்டோடு லிமாவ் ஐஸ் (எலுமிச்சைச் சாறு) 'கூராங் மானிஸ்', அதாவது சீனி குறைவாகக் கேளுங்கள், எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஏற்றும். தே தாரேயை ஒரு மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போய்க் குடிக்கலாம்.