திடீரென இறந்த கோழியைப் புதைக்காதீர்கள், குளிர வையுங்கள்

நேற்றுவரை நன்றாக மேய்ந்த கோழி காலையில் செத்துக் கிடந்தால், உடனே குழி தோண்ட வேண்டாம். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்பு கலந்த குளிர்ந்த நீரில் இறகு தோல்வரை நனையும்படி முக்கி எடுங்கள். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து, சாவுக்கான காரணத்தைக் கண்டறிய 24 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். சாப்பாடு வைக்கும் ஃபிரிட்ஜ் இதற்கு வேண்டாம்.

இறகு கம்பளி மாதிரி. நனைக்காவிட்டால் உடல் சூடு உள்ளேயே தங்கி, குடல் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். ஃப்ரீசரில் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் திசுக்களைக் கிழித்துவிடுவதால், நுண்ணோக்கியில் பார்த்தாலும் நோயின் தடயம் சரியாகத் தெரியாது. கொழுத்த முட்டைக்கோழியின் ஈரல் வெடித்து உள்ளே இரத்தம் கொட்டியதா, முட்டை உள்ளே சிக்கியதா, குடலில் இரத்தக்கழிச்சலா என்பதெல்லாம் வெளியே பார்த்துச் சொல்ல முடியாதவை. கடைசித் தீவனத்தில் ஒரு கைப்பிடியும் சேர்த்து அனுப்பினால் நல்லது. பூஞ்சை நஞ்சு சந்தேகம் வந்தால் உதவும்.

வயிறு பச்சை பூத்து நாற்றமடித்தால் பரிசோதனையில் பெரிதாக எதுவும் தேறாது. ஒரே நாளில் பல கோழிகள் விழுந்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்து தலை வீங்கியிருந்தாலோ பறவைக்காய்ச்சலாக இருக்கலாம். அப்போது தொடாமல், எங்கும் எடுத்துச் செல்லாமல், கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.